விளையாட்டுக்காரனின் தகப்பன்

"அப்பிடி இல்லை. திருப்பிச் சொல்லு," என்றபடி இராசேஸ்வரி தம்பி வீரகத்தியின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் முடிச்சுப் போட்டாள்.

வாசலில் சைக்கிளில் ஏறி ஒரு காலை நிலத்தில் ஊன்றி நின்ற ரூபன் மறுபடி சொன்னான். அவன் இராசேஸ்வரியின் ஒன்றுவிட்ட தம்பியின் மகன். சாவுச் செய்தி கொண்டு போவதும் நாளைக்குக் கொள்ளி வைப்பதும் அவன் பொறுப்பு.

"அக்கராயன் வீரகத்திப் பெரியப்பா இண்டைக்குக் காலமை செத்துப்போனார். நாளைக்கு மத்தியானம் எடுக்கினம்."

"ஆற்றை தகப்பன்?"

"கனடாவிலை இருக்கிற ஜெயந்தன் அண்ணேன்ரை தகப்பன்."

"கனடாவிலை மாடு மேய்க்கிற ஜெயந்தனோ? இஞ்சினியர் ஜெயந்தன்ரை தகப்பன் எண்டு சொல்லு. ஒட்டுசுட்டானிலை முதல் செல்வநாயகத்தார் வீடு. பேந்துதான் மற்றவை. தேத்தண்ணி தந்தாலும் குடியாதை."

"ஓம் மாமி," என்று ரூபன் மிதித்தான். டியூப் கிடைக்காததால் டயருக்குள் வைக்கோல் அடைத்து ஓடுகிற சைக்கிள். படலை தாண்டும்வரை தடக்குத் தடக்கு என்று கேட்டது.

தலைமாட்டில் குத்துவிளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்த ஜெயரூபி நிமிரவில்லை. "அண்ணா இஞ்சினியர் இல்லை, மாமி," என்றாள். அழுது அழுது அவள் குரல் கரகரத்துப் போயிருந்தது. "அப்பா செத்த நாளிலையும் உதைத்தான் சொல்லவேணுமோ?"

"உனக்காகத்தான் சொல்லுறன். திரியைக் கவனி."

உண்மையும் அதுதான். ஒட்டுசுட்டான் செல்வநாயகத்தின் மகனுக்கு ஜெயரூபியைப் பேசி, பொருத்தமும் பார்த்தாயிற்று. பெண்ணின் தமையன் கனடாவில் இஞ்சினியர் என்று சொன்னபோதுதான் செல்வநாயகத்தின் மனைவி விமலேஸ்வரி கதிரையில் முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். இனிக் கலியாணம் ஒரு வருடம் தள்ளிப் போகும். தள்ளிப் போகிற காரியத்துக்குள் எத்தனை வாய் நுழையும் என்பது இராசேஸ்வரிக்குத் தெரியும்.

காடு வெட்டி, குளத்துக்குக் கீழே அரசாங்கம் காணி கொடுத்த நாளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம் அது. வந்த இரண்டாம் வருடம் மலேரியாவில் புருசனை இழந்தவள் இராசேஸ்வரி. தம்பியின் மனைவி ஜெயரூபியைப் பெற்றுப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிய நாளிலிருந்து இந்த வீடு அவள் கையில். எழுபதை நெருங்கியும் முதுகு வளையவில்லை. கிணற்றடியில் குனிந்து வாளி தூக்கினாலும் இடுப்புத்தான் மடியும், முதுகு மடியாது. அவள் வரம்பில் வந்தால் ஆண்களே பீடியைக் காலடியில் போட்டு மிதிப்பார்கள்.

ஏழு வயதில் ஜெயந்தனைக் கனடாவுக்குக் கூட்டிக்கொண்டு போனவன் கடைசித் தம்பி சின்னராசா. அவன் படித்துப் பட்டம் எடுத்த இஞ்சினியர், பிள்ளை இல்லாதவன். "என்னைப் போலை ஆக்கிவிடுறன், அக்கா," என்று சொல்லித்தான் பிள்ளையைக் கொண்டு போனான். பிறகு ஒருநாள், கொழும்பிலிருந்து வந்த ஆள் ஒருவரின் கையில் ஒரு படம் வந்தது. நெஞ்சிலும் தோளிலும் மெத்தை கட்டியது போன்ற உடுப்பு. அடியில் கத்தி வைத்த சப்பாத்து. நுனி வளைந்த நீட்டுத் தடி. சிரித்த வாயில் முன்பல் இரண்டைக் காணவில்லை.

"ஐஸ் ஹொக்கியாம், அக்கா," என்றான் வீரகத்தி. படத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். "ஒரு சின்னப் பட்டணத்து அணியிலை சம்பளத்துக்கு எடுத்திருக்கினமாம். அதுதான் இனி அவன்ரை தொழிலாம்."

"விளையாடுறது தொழிலோ? சேர்க்கஸிலை கரணம் போடுறவனுக்கும்தான் சம்பளம். எங்கடை குடும்பத்திலை ஆர் விளையாடிச் சோறு திண்டது?"

படத்தை வாங்கி அலுமாரியில் கூறைச்சீலைக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். அடுத்த வெள்ளி கோயிலில் யாரோ கேட்டபோது, பிள்ளை இஞ்சினியருக்குப் படிக்கிறான் என்றாள். பிறகு படித்து முடித்தான் என்றாள். வீரகத்தி பக்கத்தில் நின்று தலையாட்டினான். அக்காவுக்கு முன்னால் ஒரு விசயத்தை இரண்டாம் தரம் சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை. படத்தை ஒருக்கால் பார்க்கத் தா என்றும் அவன் கேட்டதில்லை.

வெயில் ஏறியது. பக்கத்துக் காணி ஆண்டியப்பன் தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றான். எழுபத்தேழு கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவன். வீரகத்தியின் வயலுக்கும் அவன் வயலுக்கும் ஒரே வாய்க்கால்.

"அம்மா, இந்த வெயிலுக்கு நாளை மத்தியானம் வரைக்கும் ஐயாவ வச்சிருக்க ஏலாதுங்க. நான் போயி ஐஸ் கொண்டாறேன்."

"ஆமி மண்ணெண்ணெயே விடாத ஊரிலை ஐஸ் எங்கை கிடக்கு?"

"மல்லாவிச் சந்தைக்கு முல்லைத்தீவுல இருந்து மீன் வருமுங்க. கேட்டுப் பாக்குறேன்."

பொழுது சாய்கிற நேரம் திரும்பி வந்தான். சைக்கிள் கரியரில் உமியும் சாக்கும் சுற்றிய இரண்டு கட்டிகள். ஒழுங்கைப் பாதை முழுக்க ஈரக்கோடு விழுந்திருந்தது. ஒரு கட்டியை உடைத்துக் கிடாரத்தில் போட்டுக் கட்டிலுக்குக் கீழே தள்ளினான். மற்றதை உமியால் மூடி வேம்பு நிழலில் வைத்தான். கை விறைத்துச் சிவந்திருந்தது. அதை வேட்டியில் துடைத்துக்கொண்டு கட்டியையே பார்த்தான்.

"இதுமேலதாங்க நம்ம தம்பி..." என்று தொடங்கி நிறுத்தினான்.

"எந்தத் தம்பி?"

"ஒண்ணுமில்லீங்க."

"ஆண்டியப்பன். உமக்கு ஆர் சொன்னது?"

அவன் தலைத்துண்டை மடித்தான், விரித்தான். "ஐயாதாங்க. கனடா சின்னராசா ஐயா கெசட்டுல பேசி அனுப்புவாருல்ல? அந்த வெளையாட்டு நடக்குற எடத்துலயே குந்திக்கிட்டுப் பேசியிருப்பாரு. 'இப்ப ஜெயந்தன் இறங்குறான் அண்ணை, இப்ப ஒருத்தன இடிச்சுப் போட்டான் அண்ணை'ன்னு. ஐயா அதை எடுத்துக்கிட்டு நம்ம கொட்டிலுக்கு வருவாரு."

"ரேடியோவுக்குப் பற்றறி இல்லாமல் எப்பிடிக் கேட்டனியள்?"

"சைக்கிளக் கவுத்துப் போட்டு நான் பெடலக் கையால சுத்துவேங்க. டைனமோவுல கெசட்டு ரேடியோ பாடும். கை தளந்துச்சுன்னா அங்க கூவுற சனமெல்லாம் மாடு கத்துற மாதிரி இழுக்கும். ஐயாவுக்குக் கோவம் வந்துரும். 'சுத்தடா, சுத்தடா, அவன் இறங்கீட்டான்'னு சத்தம் போடுவாரு."

இந்த வீட்டில் வீரகத்தி சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. பின்னேரங்களில் வாய்க்கால் பார்த்துவிட்டு வருகிறேன் என்றுதான் போவான்.

"போன மாசி மாசம் வந்த கெசட்டுதாங்க கடைசி," என்றான் ஆண்டியப்பன். "தம்பிக்கு முழங்காலு போயிருச்சு. இனி வெளையாட ஏலாதாம். சின்னப் பிள்ளைகளுக்குப் பழக்கப் போறாராம். ஐயா கொட்டிலுக்குள்ள குந்தி அழுதாரு. அப்புறம் என் வீட்டுக்காரி பேச்சிகிட்ட ஒரு செம்பு தண்ணி வாங்கி மூஞ்சியக் கழுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாரு."

அந்த நாள் இராசேஸ்வரிக்கு நினைவு இருந்தது. இரவுச் சாப்பாட்டைத் தொடாமல் எழுந்தவனுக்கு வயிற்றுக் கோளாறு என்று நினைத்து மல்லித் தண்ணீர் அவித்துக் கொடுத்தாள். ஓம் அக்கா, வயிறுதான் என்று வாங்கிக் குடித்தான்.

அவள் இடுப்பிலிருந்த அலுமாரித் திறப்புக் கோர்வையை இறுக்கிச் செருகினாள். பிறகு சொன்னாள்: "நாளைக்குச் சனம் வரும். இந்தக் கதை ஒண்டும் ஒருத்தற்றை வாயிலையும் வரக்கூடாது. பேச்சியம்மாவுக்கும் சொல்லிவையும்."

"சரிங்கம்மா."

மறுநாள் காலையிலேயே பறை வந்துவிட்டது. செல்வநாயகமும் மனைவியும் உறவினர்களோடு உழவு இயந்திரம் இழுத்த பெட்டியில் வந்து இறங்கினார்கள். செல்வநாயகம் பந்தலுக்குள் ஆண்களோடு போய் உட்கார்ந்தார். விமலேஸ்வரி உள்ளே வந்து இராசேஸ்வரியைக் கட்டிப்பிடித்துத் தோளில் முகம் வைத்தாள். பெண்கள் வட்டமாக நெருங்கினார்கள். மூத்தவள் இராசேஸ்வரிதான் தொடங்க வேண்டும், தொடங்கினாள்.

"என்ரை ராசாவே, ஐயோ என்ரை துரையே! இஞ்சினியர் பிள்ளை பெத்த என்ரை ராசாவே, கொள்ளி வைக்க அவன் வர வழியில்லையே..."

மற்றப் பெண்கள் அடியை எடுத்துக்கொண்டார்கள். கட்டிலின் கீழே கிடாரத்தில் ஐஸ் கட்டி ஒன்று கரைந்து சரிந்தது. எல்லாம் முறைப்படி நடந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் பேச்சியம்மா வந்தாள். ஆண்டியப்பனின் மனைவி, தலை விரித்து, நெஞ்சில் இரண்டு கையாலும் அறைந்துகொண்டு வந்தாள். ஆண்டியப்பன் சொல்லித்தான் வைத்திருப்பான், அவளும் சரியென்றுதான் சொல்லியிருப்பாள். ஆனால் கட்டிலில் கிடந்த முகத்தைக் கண்டதும் எல்லாம் போய்விட்டது. அவளுடைய தோட்டத்து மெட்டு வேறு. குரல் கூரையைத் தூக்கியது.

"கண்ணாடித் தரைமேல – ஐயா உன் மவன்
கத்தி கட்டி ஓடயில
சைக்கிளு சுத்தயில – ஐயா நீ
சாஞ்சிருந்து கேட்டதெங்கே?

ஆளடிக்க வந்தாக்க – ஐயா உன் மவன்
அணைகட்டி நின்ன மவன்
ஆரிடிச்சும் சாயாம – ஐயா உன்
அக்கா முதுகு கொண்ட மவன்!

அக்கா முதுகுன்னு – ஐயா நீ
ஆசையாச் சொன்ன வாயி
மூடிக் கெடக்குதய்யா – இனி
முழங்காலு நோவுதுன்னா யாரு அழுவா?"

மற்ற ஒப்பாரி தானாக நின்றது. வெளியே பறை மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. இராசேஸ்வரியின் தோளிலிருந்து விமலேஸ்வரியின் கை தளர்ந்தது.

"என்ன சொல்லுறா உவா?" என்றாள் விமலேஸ்வரி. கண்ணைத் துடைத்துவிட்டாள், கண் காய்ந்துதான் இருந்தது. "கத்தி கட்டி ஓடுறதோ? மகன் இஞ்சினியர் எண்டெல்லோ எங்களுக்குச் சொன்னது?"

ஜெயரூபி தகப்பனின் காலடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். பேச்சியம்மா வாயில் சேலைத் தலைப்பை அடைத்தாள். தான் செய்ததை அப்போதுதான் உணர்ந்தவள் போல் விழித்தாள்.

இராசேஸ்வரியிடம் பதில் தயாராக இருந்தது. அவ மலைநாட்டவ, அவையின்ரை ஒப்பாரி அப்பிடித்தான், உதுக்கெல்லாம் பொருள் தேடக்கூடாது. ஒரு மூச்சில் சொல்லக்கூடிய பதில். எல்லாரும் நம்பியிருப்பார்கள். பேச்சியம்மாவும் தலையாட்டியிருப்பாள், வீரகத்தி ஆட்டியதுபோல.

அவள் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். தாடையைச் சேர்த்துக் கட்டிய துணி அவள் கட்டியதுதான், இறுக்கமாகவே கட்டியிருந்தாள்.

"பேச்சியம்மா," என்றாள். "தம்பி அப்பிடியே சொன்னவன்? என்ரை முதுகு எண்டு?"

பேச்சியம்மா பயந்துகொண்டே வாயிலிருந்து தலைப்பை எடுத்தாள். "எப்பவும் சொல்லுவாருங்கம்மா. அந்தத் தம்பி கோல் அடிக்கிற ஆளு இல்லியாம். அடிக்கிற பிள்ளைய எதிராளி தொடாம முன்னுக்கு நிக்கிற ஆளாம். இடி முழுக்க அவருக்குத்தானாம். 'என் அக்காவை ஆர் இடிச்சாலும் அசையமாட்டா, அவன் அவளைக் கொண்டு பிறந்தவன்'னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாருங்க."

இராசேஸ்வரி இருந்த இடத்திலேயே நிமிர்ந்தாள். இடுப்பிலிருந்து திறப்புக் கோர்வையை அவிழ்த்து ஜெயரூபியின் பக்கம் நீட்டினாள்.

"அலுமாரியிலை கூறைச்சீலைக்குக் கீழை கிடக்கு. எடுத்துக்கொண்டு வா."

பிறகு விமலேஸ்வரியைப் பார்த்தாள். காணி எல்லை கேட்க வந்தவர்களிடம் பேசுகிற அதே குரலில் சொன்னாள்:

"ஓம். அவன் விளையாட்டுக்காரன். ஐஸ் தரையிலை ஹொக்கி விளையாடிச் சம்பளம் எடுத்தவன். இஞ்சினியர் எண்டது என்ரை தம்பி சின்னராசா. ஜெயந்தன் விளையாட்டுக்காரன்."

"அப்ப முந்திச் சொன்னது?"

"முந்திச் சொன்னதும் நான்தான். இப்ப சொல்லுறதும் நான்தான். ரூபியின்ரை வாயிலையோ தம்பியின்ரை வாயிலையோ உந்தப் பொய் வந்ததில்லை."

ஜெயரூபி படத்தைக் கொண்டுவந்தாள். பூச்சி உருண்டை மணத்தது. அது கை மாறி மாறிப் பெண்கள் மத்தியில் போனது. செத்தவீடு என்பதையும் மறந்து தலைகள் நெருங்கின.

"என்னடி இது, மெத்தையை மேலிலை கட்டின மாதிரி?"

"அடி விழுமெல்லே, அதுக்கு."

"விளையாடுறதுக்குச் சம்பளமோ, பிள்ளை?" என்று ஒரு கிழவி கேட்டாள்.

"சனம் காசு குடுத்துப் போய்ப் பாக்குமாம், ஆச்சி," என்றாள் ஜெயரூபி. தமையனைப் பற்றி ஊர்ச் சபையில் அவள் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

"வடிவான பிள்ளை. ஆனால் பல்லைக் காணேல்லை."

"ரெண்டு பல்லு," என்றாள் இராசேஸ்வரி. "முன்பல்லு. விளையாட்டிலை போனது."

படம் விமலேஸ்வரியிடம் வந்தது. அவள் பார்த்தாள். முகத்தில் எதுவும் ஓடவில்லை. பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தாள்.

இராசேஸ்வரி மறுபடி ஒப்பாரியைத் தொடங்கினாள். இஞ்சினியர் இருந்த இடத்தில் விளையாட்டுக்காரனை வைத்தாள். அந்தச் சொல் லேசில் வசப்படவில்லை. நீளமாக இருந்தது, மூச்சில் தட்டியது. மூன்றாம் தரம்தான் மெட்டில் அமர்ந்தது. அமர்ந்த பிறகுதான் நேற்றுக் காலையிலிருந்து வராத கண்ணீர் அவளுக்கு வந்தது. பேச்சியம்மா அடியை எடுத்துக்கொண்டாள்.

மத்தியானம் பாடை தூக்கினார்கள். ரூபன் கொள்ளிச் சட்டியோடு முன்னால் நடந்தான். பெண்கள் ஒழுங்கை முகப்பு வரை ஓடிப்போய் அங்கே நின்றார்கள்; அதற்கு அப்பால் போகிற வழக்கமில்லை. பறைச் சத்தம் வாய்க்கால் கரையோரம் சுடலைப் பக்கம் போய்த் தேய்ந்தது. திரும்பிப் பார்த்தபோது உழவு இயந்திரப் பெட்டி நின்ற இடத்தில் எண்ணெய்த் துளிகள்தான் இருந்தன. செல்வநாயகம் சுடலைக்குப் போனாரா, வீட்டுக்குப் போனாரா என்று தெரியவில்லை. செத்தவீட்டில் போய்வருகிறேன் என்று யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. ஆகவே விமலேஸ்வரி சொல்லாமல் போனது வழக்கத்தாலா, வேறு காரணத்தாலா என்பது எட்டாம் நாள் எட்டுச்செலவுப் படையலுக்கு அவள் வருகிறாளா என்று பார்த்தால்தான் தெரியும்.

"வராட்டில் என்ன செய்யிறது, மாமி?" என்று கேட்டாள் ஜெயரூபி. வீட்டுக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வந்தால் சோறு போடுவம்."

"நான் கேட்டது வராட்டில்."

"விளங்கினது. மூலையிலையும் ஊத்து."

பேச்சியம்மா குசினிப் பக்கம் பாத்திரம் துலக்கினாள். இராசேஸ்வரி அந்தப் பக்கமாக முற்றத்துக்கு இறங்கினாள். போகும்போது, "பின்னேரம் வாய்க்கால் பக்கம் வருவன். அந்தக் கெசற்றுகளை எடுத்து வை," என்று மட்டும் சொன்னாள். பேச்சியம்மா கையிலிருந்த சாம்பலோடு எழுந்து நின்று தலையாட்டினாள்.

முற்றத்தில் வேம்பின் கீழே மற்ற ஐஸ் கட்டி தேவைப்படாமல் கிடந்தது. நிழல் விலகிப்போய் வெயில் அதன்மேல் ஏறியிருந்தது. இராசேஸ்வரி கிட்டப் போனாள். சாக்கை விலக்கி, உமியைக் கையால் வழித்தாள். உள்ளே வெளுப்பும் நீலமுமாகக் கட்டியின் பரப்புத் தெரிந்தது. உள்ளங்கையை வைத்தாள்; சுட்டதுபோல் எடுத்தாள்; மறுபடி வைத்தாள்.

ஒரு கையால் வேம்பைப் பிடித்துக்கொண்டு, சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கி, வலது காலை அதன்மேல் வைத்தாள்.

"மாமி! வழுக்கும்!" வாளியைப் போட்டுவிட்டு ஜெயரூபி ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள்.

"ஓம், வழுக்குது," என்றாள் இராசேஸ்வரி. மற்றக் காலையும் எடுத்து வைத்தாள். கட்டி ஒருதரம் அசைந்து, உமிக்குள் ஊன்றிக்கொண்டது. கால்விரல்கள் பிடிப்புத் தேடிக் குறுகின.

"கையை விடு."

"விழுவியள், மாமி."

"விடு பிள்ளை."

ஜெயரூபி விட்டாள். இராசேஸ்வரி வேம்பிலிருந்தும் கையை எடுத்தாள். காலுக்குக் கீழேயிருந்து தண்ணீர் உமியை இழுத்துக்கொண்டு வாழைப்பாத்தியை நோக்கி மெல்ல ஓடிக்கொண்டிருந்தது.